தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சைவமாகப் போகிறீர்களா? முதல் வருடத்துக்கான வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருடம், என் கணவரோடு வேலை பார்ப்பவர் எங்களைத் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள் விருந்துக்கு அழைத்தார். "நாங்கள் சைவம்" என்று சொல்லியிருந்தோம். "கவலையே வேண்டாம், வான்கோழி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் காய்கறிதான்" என்றார். போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பீன்ஸில் பேக்கன் என்னும் பன்றியிறைச்சித் துண்டுகள் கிடந்தன. ஸ்டஃபிங்கை வான்கோழியின் வயிற்றுக்குள்ளேயே வைத்து வேகவைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு மசியலில் பாலோடு கோழிச்சாறும் சேர்ந்திருந்தது. நாங்கள் பன்னும் கிரான்பெரி சாஸும் சாப்பிட்டுவிட்டு, வீடு வந்து தயிர்சாதம் பிசைந்தோம்.

பசியை விடக் கஷ்டமாக இருந்தது அந்த வீட்டு அம்மாவின் முகம். இரண்டு நாளாகச் சமைத்தவர், வந்தவர்கள் தட்டில் போட ஒன்றுமில்லையே என்று தவித்துப்போனார். தவறு அவருடையது இல்லை. "சைவம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் நினைத்தது ஒன்று, அவர் புரிந்துகொண்டது வேறு. அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு, இப்போது நிம்மதியாகப் போய் வயிறாரச் சாப்பிட்டு வருகிறோம். இந்த வருடம் முதல்முறை போகிற உங்களுக்கு அந்தத் தவிப்பு வேண்டாம்.

அசைவம் சாப்பிடுகிற நம்மவர்களுக்கும் இது தேவைப்படும். தேங்க்ஸ்கிவிங் எப்போதும் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை, அதாவது 22 முதல் 28-க்குள் வரும். அப்போது கார்த்திகை பிறந்திருக்கும், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விரதத்தில் இருப்பார்கள். வியாழக்கிழமை கவிச்சி தொடாத வீடுகளும் நிறைய உண்டு.

1. அழைப்பு வந்த அன்றே விவரமாகச் சொல்லுங்கள்

மூன்று வாரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வான்கோழியை முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள், சமையல் பட்டியலும் அப்போதே முடிவாகிவிடும். கடைசி வாரத்தில் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் அது வெஜிடேரியன் என்று நினைக்கிற நல்ல மனிதர்கள் இங்கே ஏராளம். மீன் சரிதானே என்று கேட்பவர்களும் உண்டு. "இறைச்சி, கோழி, மீன் சாப்பிட மாட்டோம், அவற்றை வேகவைத்த சாறும் கொழுப்பும் ஜெலட்டினும் சேர்ந்ததையும் சாப்பிட மாட்டோம், பால், வெண்ணெய், சீஸ் சாப்பிடுவோம்" என்று எழுத்தில், குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். சமைக்கிற அன்று அவர்கள் திரும்ப எடுத்துப் பார்க்க அது உதவும். முட்டை விஷயத்தைத் தனி வரியாகச் சொல்ல வேண்டும். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சாப்பிடுவார்கள் என்றே பொருள். முட்டையைத் தவிர்க்க "வீகன்" என்று சொல்லிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வெண்ணெயும் பாலும் போட்ட நல்ல பதார்த்தங்களும் நமக்கு இல்லாமல் போய்விடும்.

அதே செய்தியில், "எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரு பெரிய சைவப் பதார்த்தம் நாங்கள் கொண்டுவருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்து அழைத்தவருக்கு இதைவிட ஆறுதலான வரி வேறில்லை. கூடவே நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், யாருக்காவது ஒவ்வாமை உண்டா, கடைசி நேரத்தில் சூடாக்க அவன் (oven) அடுப்பில் இடம் கிடைக்குமா, எத்தனை மணிக்குச் சாப்பாடு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெயர்தான் டின்னர், பல வீடுகளில் மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். ஏழு மணிக்கு என்று நினைத்துக்கொண்டு மதியம் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. மேஜையில் கறி எங்கே ஒளிந்திருக்கும்

பொதுவாக எல்லா வீட்டிலும் வரும் பதார்த்தங்கள் இவை. எதைக் கேட்டுச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விசாரணை நடத்த வேண்டியிருக்காது.

ஸ்டஃபிங்: ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி சேர்த்தது. பார்த்தால் நம் ரொட்டி உப்புமா போலத்தான் இருக்கும். பறவைக்குள் வைக்காமல் தனித் தட்டில் சுட்டிருந்தாலும் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள். கடையில் விற்கும் ஸ்டஃபிங் கலவைகள் பலவற்றிலும் கோழிச்சாறு பொடியாகவே கலந்திருக்கும். நேரடியாகக் கேட்டு, "காய்கறிச் சாறு" என்று பதில் வந்தால் மட்டும் எடுங்கள்.

கிரேவி: வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில்தான் செய்வார்கள், சந்தேகமே வேண்டாம். இது உங்கள் உருளைக்கிழங்கின் மேல் தானாக ஊற்றப்பட்டுவிடும் அபாயம் உண்டு. தட்டை நீங்களே கையில் வைத்துக்கொண்டு பரிமாறிக்கொள்ளுங்கள்.

பீன்ஸ் கேசரோல்: காளான் சூப், பீன்ஸ், மேலே வறுத்த வெங்காயம். பெரும்பாலும் சைவமாக இருக்கும். பேக்கன் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். தென்மாநிலத்துக் குடும்பங்களில் பீன்ஸையும் கீரையையும் பன்றி எலும்போடு சேர்த்து வேகவைக்கும் பழக்கம் உண்டு.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு: மேலே பொன்னிறமாக உருகியிருப்பது மார்ஷ்மெல்லோ. அது ஜெலட்டினில் செய்தது, ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. குழந்தைகள் முதலில் கைவைப்பது இதில்தான். ஹலால் மார்ஷ்மெல்லோ என்று போட்டிருந்தால் பன்றி இல்லை என்றுதான் பொருள், சைவம் என்று பொருள் இல்லை. டேண்டீஸ் என்ற பெயரில் ஜெலட்டின் இல்லாதது கிடைக்கிறது. ஒரு பாக்கெட் வாங்கி அழைத்தவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக மாற்றிக்கொள்வார்கள். இன்னொன்று: கடை டப்பாவில் "யாம்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது சர்க்கரைவள்ளிதான், நம் ஊர்ச் சேனையோ வள்ளிக்கிழங்கோ இல்லை.

ஜெல்லோ சாலட் வேண்டாம், அதுவும் ஜெலட்டின்தான். சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைத்திருப்பார்கள். பூசணி பை (pie) என்னும் இனிப்பின் உள்ளே முட்டை, அடிமாவில் சில சமயம் பன்றிக்கொழுப்பு. சோள ரொட்டியிலும் அதே கொழுப்பு வரலாம். கிரான்பெரி சாஸ், வெண்ணெய் தடவிய சோளம், சாதாரணப் பன் ஆகியவை பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை.

3. லேபிள் படிக்கப் பழகுங்கள்

இந்தியாவில் பாக்கெட்டின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துப் பழகிவிட்டோம். இங்கே அப்படிச் சட்டப்படியான குறி கிடையாது. சில நிறுவனங்கள் தாங்களாகவே வெஜிடேரியன், வீகன் என்று அச்சிடுகின்றன. போடாத பொருளெல்லாம் அசைவம் என்றும் இல்லை. ஆகவே சேர்மானப் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் "கன்டெய்ன்ஸ்: மில்க், வீட்" என்று இருக்கும். அதை மட்டும் படித்து, "பாலும் கோதுமையும்தானே" என்று வாங்கிவிடுகிறோம். அது ஒவ்வாமைக்கான அறிவிப்பு. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள் என்ற ஒன்பதைத்தான் அது சொல்லும். கோழிச்சாறும் பன்றிக்கொழுப்பும் ஜெலட்டினும் அந்த ஒன்பதில் இல்லை, அங்கே வராது. மேலே உள்ள பொடி எழுத்தில்தான் தேட வேண்டும்.

தேட வேண்டிய சொற்கள்: சிக்கன் பிராத், சிக்கன் ஸ்டாக், சிக்கன் ஃபேட், லார்ட் என்னும் பன்றிக்கொழுப்பு, டேலோ, சூயட் என்னும் மாட்டுக்கொழுப்பு, ஜெலட்டின், ஆன்சோவி என்னும் நெத்திலி வகை மீன், வூஸ்டர்ஷயர் சாஸ் (இதிலும் அந்த மீன் உண்டு), பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமான கார்மைன். சீஸில் "என்சைம்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலைத் திரிக்கும் ரெனட்டாகவும் இருக்கலாம், நுண்ணுயிரியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். "மைக்ரோபியல்" அல்லது "வெஜிடபிள்" என்று கூடவே போட்டதை எடுங்கள். அசல் இத்தாலிய பார்மிஜானோவில் கன்றின் ரெனட்தான், அதில் விதிவிலக்கு இல்லை.

எனக்கு உதவிய ஒரு குறுக்குவழி: யூதர்களின் கோஷர் முத்திரை. வட்டத்துக்குள் "யூ" எழுத்தும் பக்கத்தில் "டி" எழுத்தும் இருந்தால் அது பால் பொருள். பாலையும் இறைச்சியையும் அவர்கள் கலக்கவே மாட்டார்கள் என்பதால் அதில் இறைச்சிச்சாறு இருக்காது. "பார்வே" என்று போட்டிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஆனால் இரண்டிலும் முட்டையோ மீனோ இருக்கலாம். ஜெலட்டின் விஷயத்தில் இந்த முத்திரையை நம்பிவிடாதீர்கள்.

4. என்ன சமைத்துக் கொண்டுபோவது

இரண்டாவது வருடம் நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேஜையில் இருந்த எதனோடும் அது சேரவில்லை. அவர்கள் ஒரு கரண்டி மரியாதைக்கு வைத்துக்கொண்டார்கள். நாங்கள் எங்கள் சாப்பாட்டை நாங்களே சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதிலிருந்து என் முடிவு இது: மேஜையின் நடுவில் வைக்கிற மாதிரி ஒரு பதார்த்தம், அவர்கள் பாணியில், அதோடு சேர்த்துச் சாப்பிட நம் கைமணத்தில் ஒரு தொட்டுக்கொள்ளல். அப்போதுதான் எல்லோர் தட்டிலும் அது போய்ச்சேரும்.

கடையில் உறைநிலையில் விற்கும் டோஃபர்க்கி, ஃபீல்டு ரோஸ்ட் போன்ற, கறி மாதிரியே செய்த சைவ வகைகளும் இருக்கின்றன. நேரமே இல்லாதவர்களுக்கு அவை உதவும். கறி போன்ற வாசனையும் மென்மையும் எங்கள் வீட்டில் யாருக்கும் இறங்கவில்லை. அதே மாதிரியான குவார்ன் வகைகள் பலவற்றில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு, பார்த்து வாங்குங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு வருடமும் செய்வது காளான் பஃப். நம் ஊர் பேக்கரியில் தின்ற வெஜ் பஃப்பை ஒரு முழ நீளத்துக்குச் செய்து, துண்டு போட்டுப் பரிமாறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டிலிருந்து பத்துப் பேருக்கு அளவு: உறைநிலை பஃப் பேஸ்ட்ரி ஒரு பெட்டி (இரண்டு தாள், 490 கிராம்), காளான் 680 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், பசலைக்கீரை 280 கிராம், பனீர் 200 கிராம், ரொட்டித்தூள் அரை கப், தைம் இலை, மிளகு, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி.

காளானைப் பொடியாக நறுக்கி, அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு வதக்குங்கள். முதலில் தண்ணீர் குளம்போல் விடும். அது முழுக்க வற்றி, காளான் வாணலியில் ஒட்டிச் சிவக்கும்வரை இருபது நிமிடமாவது ஆகும். இங்கே அவசரப்பட்டவர்களின் பஃப் அடியில் கொழகொழவென்று ஆகிவிடும். வெங்காயம், பூண்டைத் தனியாக வதக்கிச் சேருங்கள். கீரையை வதக்கி, கையால் ஒட்டப் பிழிந்து போடுங்கள். உதிர்த்த பனீர், ரொட்டித்தூள், மற்ற சாமான்களைக் கலந்து முற்றிலும் ஆறவிடுங்கள். சூடாக வைத்தால் மாவிலுள்ள கொழுப்பு உருகிவிடும், அடுக்கு எழும்பாது.

மாவுத்தாளை முந்தைய இரவே பிரிட்ஜுக்கு மாற்றுங்கள், அல்லது வெளியே நாற்பது நிமிடம் வையுங்கள். சப்பாத்திக் கட்டையால் லேசாகத் தேய்த்து, நடுவில் நீளமாக மசாலாவை வைத்து, இரண்டு பக்கத்தையும் மடித்து, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். மேலே கத்தியால் நான்கைந்து கீறல் போட்டு, முட்டைக்குப் பதில் கெட்டியான பால் அல்லது கிரீம் தடவுங்கள். 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 205 செல்சியஸில், 35 முதல் 40 நிமிடம். பத்து நிமிடம் ஆறிய பிறகு ரொட்டி வெட்டும் பற்கத்தியால் வெட்டுங்கள்.

மாலை போட்டவர்களுக்கென்றால் வெங்காயம், பூண்டை விட்டுவிட்டு இஞ்சியும் மிளகும் கூட்டிக்கொள்ளுங்கள். காளானும் ஆகாது என்கிற வீட்டில் பட்டாணி, உருளை, பனீர் வைத்தாலும் நன்றாகவே வரும்.

சைவ கிரேவி: இதை மட்டும் தவறவிடாதீர்கள். மசித்த உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங், பஃப் மூன்றும் இது இல்லாமல் வறண்டு கிடக்கும். அரைக் குச்சி வெண்ணெயில் (57 கிராம்) 225 கிராம் காளானைச் சிவக்க வதக்கி, கால் கப் மைதா தூவி, பச்சை வாடை போய்ப் பிஸ்கட் மணம் வரும்வரை வறுங்கள். மூன்று கப் காய்கறிச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சோயா சாஸ், மிளகு சேர்த்து இறக்குங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களே இதை ஊற்றிக்கொள்வார்கள், அதனால் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள்.

கிரான்பெரி தொக்கு: அமெரிக்கத் தமிழ் வீடுகளில் நவம்பர் வந்தாலே இது நடக்கும். களாக்காய் ஊறுகாய் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புளிப்பு உடனே பிடிபடும். 340 கிராம் கிரான்பெரி பாக்கெட் ஒன்றைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பழத்தைப் போட்டு மூடுங்கள். படபடவென்று வெடித்துக் குழையும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம், நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சுருட்டுங்கள். விருந்துக்குக் கொண்டுபோவதில் மிளகாயைப் பாதியாக்கி வெல்லத்தைக் கூட்டினால் அவர்களும் விரும்பி எடுப்பார்கள்.

முட்டையில்லாப் பூசணி பை: பூசணி விழுது ஒரு டப்பா (425 கிராம்), கன்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா (396 கிராம்), சோளமாவு கால் கப், பம்ப்கின் பை மசாலா இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடித்து, கடையில் விற்கும் ஒன்பது அங்குல பை ஓட்டில் ஊற்றி, 350 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். நடுப்பகுதி லேசாக ஆடினால் போதும். சூட்டோடு வெட்டினால் கூழாக ஓடும், ஒரு இரவு பிரிட்ஜில் இருக்க வேண்டும். கடையில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். "பம்ப்கின் பை ஃபில்லிங்" டப்பாவில் ஏற்கனவே சர்க்கரையும் மசாலாவும் இருக்கும், நமக்கு வேண்டியது வெறும் பூசணி. அதேபோல "எவாப்பரேட்டட் மில்க்" பக்கத்திலேயே இருக்கும், அதில் இனிப்பு கிடையாது.

5. செலவு

போன வருடம் எங்கள் ஊரில், பத்துப் பேர் கூடிய விருந்துக்கு எனக்கு ஆன கணக்கு: காளான் (பஃப்புக்கும் கிரேவிக்கும்) 10 டாலர், பஃப் பேஸ்ட்ரி 7, இந்தியக் கடையில் பனீர் 5, கீரை 3, வெங்காயம், பூண்டு, தைம் 3, வெண்ணெய் 4, காய்கறிச் சாறு 3. ஆக 35 டாலர். தொக்குக்கும் பைக்கும் கிரான்பெரி 3, பூசணி 3, கன்டென்ஸ்டு மில்க் 3, பை ஓடு 4 என்று இன்னொரு 13. மசாலாவும் எண்ணெயும் வீட்டில் இருந்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்குப் பன்னிரண்டு டாலரில் முடிந்துவிடும். பணம் குறைவென்றால் பையை விட்டுவிடுங்கள், இனிப்பு அங்கே எப்படியும் நிறைய இருக்கும். பஃப்பையும் கிரேவியையும் விடாதீர்கள்.

சமைக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் ஹோல் ஃபுட்ஸ் போன்ற கடைகளில் சைவ, வீகன் விருந்துப் பதார்த்தங்களை முன்பதிவு செய்யலாம். விலை கூடுதல், பதிவும் சில நாள் முன்னதாகவே மூடிவிடும்.

6. எந்த நாளில் எந்த வேலை

இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, பாதி அளவில் ஒரு ஒத்திகை பாருங்கள். நம்மில் பலர் அவனைப் பாத்திரம் வைக்கும் அலமாரியாகத்தான் வைத்திருக்கிறோம். முதலில் பாத்திரங்களை வெளியே எடுங்கள். எங்கள் அடுக்ககத்தில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்க்கறை எரிந்து புகை அலாரம் அலறியது, விருந்து நாள் காலையில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! பொத்தானில் "பேக்" எது, "பிராயில்" எது என்றும் அன்றே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிராயில் என்றால் மேலிருந்து கடும் சூடு, பஃப் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

முந்தைய வார இறுதியில் டப்பா, உறைநிலைப் பொருட்கள், கிரான்பெரி எல்லாம் வாங்கிவிடுங்கள். பூசணி டப்பாவும் பஃப் பேஸ்ட்ரியும் கடைசி இரண்டு நாளில் அலமாரியில் இருக்காது. காளானும் கீரையும் செவ்வாய்க்கிழமை. புதன் மாலை கடைப்பக்கம் போகாதீர்கள், வரிசை அப்படி நிற்கும். வியாழனன்று காஸ்ட்கோ, வால்மார்ட், டார்கெட் எல்லாம் மூடியிருக்கும். உப்பு மறந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

செவ்வாய் இரவு தொக்கு. புதன் இரவு பை சுட்டு ஆறவைத்து பிரிட்ஜில். பஃப்புக்கான மசாலாவும் கிரேவியும் செய்து அதுவும் பிரிட்ஜில். மாவுத்தாள் உறைபெட்டியிலிருந்து கீழே. மூன்று மணிச் சாப்பாடு என்றால் வியாழன் பன்னிரண்டு மணிக்குப் பஃப்பை மடித்து, பன்னிரண்டே முக்காலுக்கு அவனில் வைத்து, ஒன்றரைக்குள் எடுத்து, இரண்டு மணிக்குக் கிளம்பலாம்.

7. கொண்டுபோவதும் வைப்பதும்

பஃப்பைச் சுடச்சுட அலுமினியத் தாளால் இறுக்கி மூடாதீர்கள், ஆவியில் ஊறி மொறுமொறுப்புப் போய்விடும். தட்டோடு ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே துணி போடுங்கள். கிரேவியைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டால் அவர்கள் அடுப்புக்கு நாம் போட்டி போட வேண்டாம்.

அவன் விஷயத்தில் ஒரு ரகசியம் சொல்கிறேன். வான்கோழி மூன்று நான்கு மணி நேரம் அவனை ஆக்கிரமித்திருக்கும். வெந்து வெளியே வந்ததும் உடனே வெட்ட மாட்டார்கள், அரைமணி நேரம் ஆறவிடுவார்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் பக்கப் பதார்த்தங்களெல்லாம் சூடாகும். "அந்த நேரத்தில் 350 டிகிரியில் எனக்கு ஒரு பதினைந்து நிமிடம் மேல் தட்டில் இடம் வேண்டும்" என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டு என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். கீழே வைத்தால் மேலே இருப்பதிலிருந்து எதுவும் நம் தட்டில் சொட்டலாம். பிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான அவனில் வைக்காதீர்கள், விரிசல் விட்டு உடையும்.

ஒரு சிறு அட்டையில் பதார்த்தத்தின் பெயரும் உள்ளே இருப்பதும் எழுதி முன்னால் வையுங்கள். கோதுமை, பால், சோயா இருக்கிறது, முட்டை இல்லை, கொட்டைகள் இல்லை என்று தெளிவாக இருக்கட்டும். தொக்கில் நமக்குத் தோன்றாத ஒன்று உண்டு: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத விருந்தாளி ஒருவர் என் தொக்கை எடுக்கப் போன நேரத்தில்தான் எனக்கே இது நினைவுக்கு வந்தது. இப்போது விருந்துத் தொக்கில் பெருங்காயமே போடுவதில்லை.

பரிமாறும் கரண்டியும் வெட்டும் கத்தியும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வான்கோழி வெட்டிய கத்தி நம் பஃப்புக்கு வந்துவிடுவது யார் குற்றமும் இல்லை, கூட்டத்தில் அப்படி ஆகிவிடும். வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் விருந்தென்றால் உங்கள் பதார்த்தத்தை வான்கோழிக்குப் பக்கத்தில் வைக்காமல் மேஜையின் மறுமுனையில் வைக்கக் கேளுங்கள். முதல் சுற்றிலேயே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு எடுத்துவிடுங்கள். கூச்சப்பட்டுக் கடைசிவரை காத்திருந்தால் தட்டு காலியாகியிருக்கும். எனக்கு அப்படி ஆனது மூன்றாவது வருடம்.

சாப்பிட்டு முடித்ததும் மேஜையிலேயே மணிக்கணக்கில் கிடக்கும் பதார்த்தத்தைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போனதுதான் மறுநாளுக்கு ஆகும், அதையும் மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். கிளம்பும்போது அவர்கள் எல்லோருக்கும் மிச்சத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். கையோடு இரண்டு மூடி போட்ட டப்பா எடுத்துப்போனால், ஒன்றில் உங்கள் கிரேவியை அழைத்த வீட்டுக்கே வைத்துவிட்டு, இன்னொன்றில் அவர்கள் கோழிச்சாறு இல்லாமல் உங்களுக்கென்றே தனியாக எடுத்து வைத்த உருளைக்கிழங்கு மசியலை வாங்கிக்கொண்டு வரலாம். மறுநாள் காலை அதில் கொஞ்சம் அரிசிமாவும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் தட்டிப்போட்டால் அருமையான அடை.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால் கிரான்பெரி பாக்கெட்டுகளின் விலை குறைந்திருக்கும். இரண்டு பாக்கெட் வாங்கிக் கழுவாமல் அப்படியே உறைபெட்டியில் போட்டுவையுங்கள், பொங்கல்வரை தொக்குக்கு ஆகும்.